அத்தைக்கு சீட் கிடைத்த விவரம்

கடற்கரைத் தெரு,
புதன்கிழமை.

மதிப்பும் அன்பும் மிக்க மாமா காயாரோகணம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் ஜெகன் கும்பிட்டு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மா நலம். அத்தை நலம். வண்டி நலம். வண்டியின் டயர்கள் நலம். புது சீட்டெல்லாம் நலம். ஆபரேஷன் செய்த உங்கள் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்கள். 'புது சீட்டா' என்று நீங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மோகனப்பிரியா, நீதான் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டப்போகிறாய். நிதானமாகப் படி. நான் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் நிறுத்து. மாமா எழுந்தால் உட்காரச் சொல். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கோபமும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீயே சொன்னாய்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் வண்டியைத் திருப்பனந்தாள் வீரையனுக்குக் கொடுத்துவிடப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். வீரையன் நல்லவர். வண்டியில் செங்கல் ஏற்றுவார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வண்டி போனால் அத்தை வீட்டில் உட்கார்ந்துவிடுவார். உங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அத்தை வீட்டில் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஆகவே கொடுப்பதற்கு முன் இதை முழுதாகக் கேளுங்கள். தவறு எதுவும் நடக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

சென்னைக்குப் புறப்பட்ட அன்று சரக்கு வேனின் சாவியைக் கொடுத்து என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். "ஐஸையும் மீனையும் ஏத்து. கும்பகோணத்துல எறக்கு. திரும்பு. ஆளை மட்டும் ஏத்தாத. ஆள் ஏத்திப் பழகுன வண்டி அப்பறம் சரக்கு இழுக்காது, ரோஷம் வந்துரும்." டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உங்கள் பச்சைத் துண்டை விரித்துவிட்டுப் போனீர்கள். அந்த இடம் உங்களுடையது, வேறு யாருக்கும் கிடையாது என்று அர்த்தம். துண்டு இந்த நிமிடம் வரை அங்கேயே இருக்கிறது. காற்றில் ஒரு முறை கீழே விழுந்தது. திரும்ப விரித்துவிட்டேன்.

நீங்கள் போன மறு வாரம் அத்தை வழக்கம்போல மீன்கூடையோடு காலை பஸ்ஸில் திருப்பனந்தாளுக்குப் புறப்பட்டார். மணல்மேடு தாண்டியதும் ஒருவர் மூக்கைப் பொத்தினார். அவரைப் பார்த்து இன்னொருவர் பொத்தினார். கண்டக்டர் விசில் ஊதினார். கூடையைத் தூக்கி ரோட்டில் வைத்தார். "ஏன் தம்பி, நான் சீட்லதானே உக்காந்திருக்கேன்" என்று அத்தை கேட்டிருக்கிறார். "மீன் கூடைக்காரிக்கு சீட் எதுக்கு" என்றாராம் அவர். நிறுத்தம் இல்லாத இடம். இரண்டு பக்கமும் வயல். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. அத்தை வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, அறுப்பு மெஷின்காரர்களுக்கும் நெல் கிண்டுகிறவர்களுக்கும் கூடையைக் காலிசெய்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் கூடையைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் நிமிர்த்தவில்லை. அதற்கு மறுநாளும் நிமிர்த்தவில்லை.

"வியாபாரம்தான் நல்லா நடந்துச்சே. பின்ன ஏன் போகல?" என்று அம்மா கேட்டார்கள்.

"எறக்கிவிட்ட எடத்துல எல்லாம் அறுப்பு நடக்குமா அண்ணி?"

இனி பஸ் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அத்தை பார்த்தால் சுவருக்கே சங்கடமாக இருந்தது.

நான் யோசித்தேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட் போட்டுவிட்டால் அது ஆள் வண்டி. ஆள் வண்டியில் ஆள் ஏறுவது தவறாகாது. ஆக, உங்கள் வார்த்தையும் காப்பாற்றப்படும், அத்தையும் போகலாம். இதில் ஓட்டை இருக்கிறதா என்று அன்றைக்கே தேடினேன். இல்லை.

மோகனா, மாமா ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைக்கிறேன். முடியட்டும் என்று சொல்லு.

கும்பகோணத்தில் மீனை இறக்கிவிட்டு மீரா உசேன் பாயிடம் போனேன். ஏலத்தில் எடுத்த பழைய பஸ்களை உடைத்து இரும்பாக விற்கிறவர்.

"பாய், சீட் வேணும்."

"மெத்துமெத்துன்னு வேணுமா, உக்காந்தாப் போதுமா?"

"உக்காந்தாப் போதும்."

"எத்தனை பேருக்கு?"

"டிரைவர் நீங்கலா ஒன்பது."

"தம்பி கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் சேத்து எடுத்தீங்கன்னா பஸ்ஸாவே குடுத்துருவேன். இன்ஜின் மட்டும் இருக்காது."

நான்கு ஜோடி சீட் எடுத்தேன். ஒரு ஒற்றை சீட். ஒற்றை சீட்டின் முதுகில் 'நடத்துநர்' என்று பெயின்டில் எழுதியிருந்தது. அதை அழித்துத் தரட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன்.

சுவாமிமலை ரோட்டில் ஒரு பட்டறையில் போல்ட் அடித்து, வெல்டிங் வைத்தோம். பக்கத்துப் பட்டறையில் அப்போது ஒரு வெண்கல அம்மனைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நின்ற கோலம். முழங்கால் மடங்காது. முன் சீட்டில் சாய்த்து நிறுத்தி பெல்ட் போட்டார்கள். "பாத்தியா, அவங்களுக்கே பெல்ட்டு" என்றார் வெல்டர். நியாயமாகப் பட்டது. நம் வண்டிக்கும் ஒன்பது பெல்ட் வாங்கினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் சரியாக நடந்தது. இதற்குப் பிறகும் சரியாகத்தான் நடந்தது. நடுவில் ஒரு சொல் மட்டும் விட்டுப்போனது.

ஊரிலிருந்து கூடை எடுத்துப் போகிற மற்ற பெண்களுக்கும் சீட் உண்டு என்று தெரிவிக்க வேண்டும் அல்லவா. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். நான் சுருக்கமாக எழுதுகிறவன். எழுதி முடித்ததும் தேவையற்ற சொற்களை வெட்டுவேன். எம்.ஏ.வில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். எழுதினேன். வெட்டினேன். மிஞ்சியது இது:

'எல்லையம்மாள் அவர்களுக்கு சீட் உறுதியாகிவிட்டது. மற்ற மகளிருக்கும் வாய்ப்பு உண்டு. விரும்புவோர் என்னை அணுகவும். ஜெகன்.'

வெட்டிய சொல் 'வேனில்'.

ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வருகிறது என்பது எனக்குத் தெரியாதது அல்ல. நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பதும், எந்தக் கட்சி யாருக்கு சீட் தரப்போகிறது என்று ஊரே காத்திருக்கிறது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மனதில் போல்ட்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசலில் பத்துப் பதினைந்து பேர். இரண்டு சால்வை. ஒரு எலுமிச்சம்பழம். அத்தை குழம்புக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையெல்லாம் செதில். அந்தக் கையோடு சால்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தக் கட்சிம்மா?"

"என்ன கட்சி?"

"சீட் குடுத்த கட்சி."

"குடுத்தது எங்க ஜெகன்."

"ஜெகனா? அவன் எப்பக் கட்சி ஆரம்பிச்சான்?"

நான் ஓடிப்போய் விளக்கினேன். வேன் சீட் என்றேன். இரும்பு சீட் என்றேன். வாசலில் வண்டியைத் திறந்தே காட்டினேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். ஆனால் சால்வையைத் திருப்பி வாங்கவில்லை. போர்த்தக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுக்கக்கூடாதாம். அத்தையும் அது என்ன சீட் என்று பார்க்கிறேன் என்று வண்டியில் ஏறினார், நேராகப் போய் நடத்துநர் சீட்டில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அதற்குள் செய்தி தெருத்தெருவாகப் போய்ப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், பாதிப் பேர் வேனுக்கு சீட் கேட்க வந்தவங்க, மீதிப் பேர் எல்லையம்மா ஜெயிச்சிட்டாங்கன்னே நினைச்சு வந்தவங்க, ஒருத்தி ஏலக்கூடத்துக் கூரை ஒழுகுதுங்கிறா, ஒருத்தி கொழாயில உப்புத்தண்ணிதான் வருதுங்கிறா, ஒருத்தி அவ மாமியாரைப் பத்திப் புகார் சொல்றா, அதுக்குக் கவுன்சிலர் என்ன செய்யமுடியும்னு நான் கேட்டா நீ சும்மா இரு தம்பிங்கிறா. அத்தை எல்லாவற்றையும் கேட்டார். யாரையும் விலகி உட்காரச் சொல்லவில்லை. நான் கவுன்சிலர் இல்லை என்று மட்டும் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தக் கூரையில எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று கேட்டார்.

கடைசியில் வைரக்கண்ணு வந்தார். அவருடைய கட்சியில் இந்த சீட்டை அவர் மனைவி கனகாவுக்கு வாங்க அலைந்துகொண்டிருந்தார். கனகா பெயரில் நிற்பது, ஜெயித்த பிறகு வைரக்கண்ணு உட்காருவது என்று ஏற்பாடு. கனகாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று கேள்வி. வந்தவர் வண்டிக்கு வெளியே நின்று சத்தம் போட்டார். நான் வேன், வேன் என்று கத்தியது அவர் காதில் விழவில்லை.

"மீன் கூடைக்காரிக்கு சீட் எதுக்கு?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை எழுந்தார். வைரக்கண்ணுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். பெல்ட் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு கனகாவே வந்தார்.

"அக்கா, எனக்கு ஜன்னலோரமா ஒண்ணு."

"ஒன் வீட்டுக்காரர் கத்திட்டுப் போறாரே?"

"அவருக்கு வேணாங்க்கா. அவரு பைக்ல வருவாரு."

அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். சென்னை வரைக்கும் செய்தியைக் கொண்டுவந்தது யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கட்சி சீட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதும் தெரியாது. வண்டியில் சீட் போட்டது தெரிந்துவிட்டது என்று நினைத்து, ஒளிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது திரும்ப எழுதிப் பார்க்கிறேன். நீங்களும் புதிதாகக் கேளுங்கள்.

"எனக்குத் தெரியாம சீட் வாங்கிட்டாளா?"

"ஆமா மாமா. நான்தான் அலைஞ்சு வாங்கினேன்."

"எவன்கிட்ட?"

"மீரா உசேன் பாய்."

"யாரு அவன், மாவட்டமா?"

"இல்ல மாமா. பழைய இரும்பு."

"என்னடா சொல்ற? ஒரே ஒரு சீட்டுக்கா இவ்வளவு அலைச்சல்?"

"ஒண்ணு இல்ல மாமா. ஒன்பது."

அதோடு போன் நின்றது. நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்பது எனக்கு மறுநாள்தான் விளங்கியது. ஆகவே, மோகனா, இந்த வரியைச் சத்தமாகவும் மெதுவாகவும் படி: அத்தை எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நிற்கவும் மாட்டார். நின்றால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இனி வண்டி விஷயம். திங்கள்கிழமை முதல் பயணம். அத்தை கூடையை நிமிர்த்தினார். நான் எதிர்பார்த்தது வேறு. பெண்கள் ஏறினார்கள். கூடைகளை சீட்டில் வைத்தார்கள். கீழே உட்கார்ந்தார்கள். மேலே உட்காருங்க என்று நான் கெஞ்சினேன். "மீனு சாயும் தம்பி" என்றார்கள். ஒரு கூடைக்கு பெல்ட் கூடப் போட்டிருந்தார்கள். அத்தை ஒருவர்தான் சீட்டில் இருந்தார். கூடை பக்கத்தில்.

பந்தநல்லூர் தாண்டி பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இது சரக்கு வண்டியா, ஆள் வண்டியா?"

நான் என் தர்க்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"சரக்கு மேல இருக்கு. ஆளு கீழ இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

"எந்தச் சட்டத்துலயும் இது இல்லம்மா" என்றார் அவர். நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. நீங்களாக சீட் போட்டால் வண்டி ஆள் வண்டி ஆகாது, வண்டியின் வகையை மாற்ற வேண்டும், அதற்கு உடையவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பிறகு கதவு, வழி, சீட் எல்லாம் சோதித்துப் பார்த்து முடிந்தால் தருவோம் என்று விளக்கினார். என் தர்க்கத்தில் இருந்த ஓட்டை இதுதான். ஒன்றே ஒன்று. உங்கள் கையெழுத்து அளவுக்குச் சிறியது.

"அதுவரைக்கும் பின்னால ஒரு ஆளு ஏறக்கூடாது. எல்லாரும் எறங்குங்க."

"நீங்களும் எறக்கிவிடுறீங்களா?" என்று அத்தை கேட்டார்.

அவர் ரோட்டில் இறங்கி, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, பெண்களையெல்லாம் கூடையோடு ஏற்றிவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். ஆளுக்கு ஒரு சீட். அத்தை ஏறவில்லை.

"நான் பஸ் ஏறமாட்டேன் சார்."

"சரிம்மா. வண்டியில முன்னாடி டிரைவர் பக்கத்துல ஒருத்தர் உக்காரலாம். அதுக்குச் சட்டம் இருக்கு. உக்காருங்க."

அத்தை முன் கதவு வரைக்கும் போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். துண்டு விரித்திருந்தது.

"அங்க எடம் போட்டிருக்கு சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை எடுத்தால் என்ன என்று கேட்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு துண்டு இருக்கலாம்.

அத்தை நடந்தார் மாமா. திருப்பனந்தாள் வரைக்கும். நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். கூடை சரக்கு. கூடை ஏறலாம். ஆகவே நடத்துநர் சீட்டில் கூடை, பெல்ட்டோடு. முன் சீட்டில் துண்டு. வண்டிக்கு முன்னால், நெல் காயாத பாதி ரோட்டில், அத்தை. எதிரே வந்தவர்கள் இது என்ன ஊர்வலம் என்று கேட்டார்கள். ஒரு சீட் என்பது நான்கு போல்ட்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கூடை மறுபடி கவிழ்ந்தது. வண்டி ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கிறது.

என் கோரிக்கை எளியது. வெள்ளிக்கிழமை வாருங்கள். வீரையனை அழைக்காதீர்கள். வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லி நானே அவரிடம் பேசுகிறேன். ஆபீசுக்குப் போவோம். ஒரு கையெழுத்து. பிறகு இன்ஸ்பெக்டர் சொல்கிற மாதிரி கதவும் வழியும் மாற்றிக்கொடுப்பது என் பொறுப்பு. சரக்கு சரக்காகப் போகும், ஆள் ஆளாகப் போகும். பெண்கள் சீட்டில் உட்காரப் பழகிக்கொள்வார்கள். வண்டிக்கு ரோஷம் வராது. வந்தாலும் நியாயமான ரோஷம்தான். அத்தையை மறுபடி மீன் விற்க மட்டுமே அனுப்புகிறோம். வேறு எதற்கும் இல்லை. நம் குடும்பத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லை. இதை நீங்கள் முழு நிம்மதியோடு நம்பலாம்.

கண்ணைக் கசக்க வேண்டாம். சொட்டு மருந்தை விட வேண்டாம். உங்கள் மருமகனுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் அன்பு. நம் கடலும் காவிரியும் உங்களை நல்ல பார்வையோடு கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் காலில் விழுந்து எழும்
ஜெகன்

பின்குறிப்பு: மோகனா, இதை மனதுக்குள் படித்துக்கொள் என்று எழுத இருந்தேன். அத்தை பக்கத்தில் நின்று, சத்தமாகப் படிக்கச் சொல் என்கிறார்.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையும் கனகாவும் ஒன்றிய ஆபீசிலிருந்து வந்தார்கள். அத்தை சுயேச்சையாக மனு தாக்கல் செய்துவிட்டார். முன்மொழிந்தது கனகா. வைரக்கண்ணுவுக்கு இன்னும் தெரியாது. அவர் கட்சி ஆபீஸ் வாசலில் நிற்கிறார். ஏன் அத்தை என்று கேட்டேன். "ரெண்டு பேரு ஒரே கேள்விய கேட்டாங்க. ஒருத்தருக்காவது பதில் சொல்லணும்ல" என்றார். என் பெயரை மாற்றுவது பற்றி நேரில் பேசுவோம்.

சின்னத்துக்கு வேன் கேட்டிருக்கிறார். பட்டியலில் வேன் இல்லையாம். பஸ் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம் அதிகாரி. "என்னை ஏத்தாத பஸ்ஸுல நான் எப்படி சார் நிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். வேறு பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சீர்காழி ஸ்டேஷனுக்கு வண்டி வரும். நான் ஓட்டுவேன். முன் சீட்டில் அத்தை இருப்பார். உங்கள் துண்டை இப்போதுதான் துவைத்துக் கொடியில் போட்டார்; காய்ந்ததும் நடத்துநர் சீட்டில் விரிப்பார். உங்களுக்கு இடம் போட்டிருக்கிறதாம். சட்டப்படி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நீங்கள் அதில் உட்கார முடியும்.